ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், நான்கு வருடம்: இ.சி.இ. பாடத்திட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

பொறியியல் கலந்தாய்வு முடிந்து கல்லூரியும் உறுதியான பிறகு, பல வீடுகளில் பாடத்திட்ட பி.டி.எஃப். ஒன்று திறக்கப்படுகிறது. எட்டு செமஸ்டர், பக்கம் பக்கமாகப் பாடக் குறியீடுகள். செல்போன், சிப் என்று நினைத்து இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எடுத்தவருக்கு 'ரேண்டம் ப்ராசஸ்' (தற்செயலாக மாறுபவற்றின் கணிதம்) எதற்கு என்று விளங்குவதில்லை. புரோகிராம் எழுதப் போகிற ஆளை முதல் வருடத்தில் ஏன் மின்சுற்று படிக்கச் சொல்கிறார்கள் என்பது சி.எஸ்.இ. (கம்ப்யூட்டர் சயின்ஸ்) எடுத்தவரின் கேள்வி. இ.இ.இ.க்கும் (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) இ.சி.இ.க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "அது ஹை வோல்டேஜ், இது லோ வோல்டேஜ்" என்று யாராவது சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இத்தனை தாள்களுக்கும் அடியில் ஓடுவது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில கருத்துகள்தான். ஒன்றே வேறு வேறு பெயரில், வேறு வேறு செமஸ்டரில் திரும்பி வருகிறது. பாடத்திட்ட அட்டவணையில் அது தெரியாது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு தாளும் தனித்தனி வரி. இதைக் காட்ட, இரண்டே இரண்டு பாகங்கள் உள்ள ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு, அது எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று தொடர்ந்து போகலாம். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ரெகுலேஷன், அதாவது அந்த வருடம் வந்த பாடத்திட்ட விதிமுறை. தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பிந்தைய ரெகுலேஷனிலும் குறியீடும் வரிசையும் மாறும். சரக்கு பெரும்பாலும் இதேதான்.

முதலில், அட்டவணையை வாசிக்கும் முறை

1. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே எல், டி, பி, சி என்ற தலைப்புகளின் கீழ் நான்கு எண்கள் இருக்கும். எல் என்பது வாரத்துக்கு எத்தனை பீரியட் வகுப்பு. டி டுடோரியல், அதாவது கணக்குப் போட்டுப் பழகும் நேரம். பி லேப். சி கிரெடிட். வகுப்புக்கும் டுடோரியலுக்கும் பீரியடுக்கு ஒரு கிரெடிட், லேபுக்கு அரை கிரெடிட். ஆகவே 3-0-2-4 என்றிருந்தால் மூன்று பீரியட் வகுப்பு, இரண்டு பீரியட் லேப், மொத்தம் நான்கு கிரெடிட்.

2. தியரித் தாள் என்றால் ஐந்து யூனிட். செமஸ்டர் தேர்வில் பத்து 2 மார்க் கேள்விகள், ஐந்து 13 மார்க் கேள்விகள், ஒரு 15 மார்க் கேள்வி, ஆக 100. அது 60-க்குச் சுருக்கப்படும். மீதி 40 இன்டர்னல். முந்தைய 2017 ரெகுலேஷனில் இது 80-க்கு 20 என்று இருந்தது.

3. விருப்பப் பாடங்கள் 'வெர்டிக்கல்' என்ற கட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கூடுதலாக 18 கிரெடிட் முடித்தால் ஹானர்ஸ் அல்லது மைனர் சேரும். இது கடைசி இரண்டு வருட விவகாரம். முதல் வருடத்தில் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அந்தச் சுற்று

மின்னோட்டத்தைத் தடுத்துக் குறைக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மேலே பழுப்பு, கருப்பு, சிவப்புப் பட்டைகள் இருக்கும். மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. செராமிக் வகையானால் 105 என்று அச்சிட்டிருப்பார்கள்: 10-க்குப் பின்னால் ஐந்து சைபர், அவ்வளவு பிக்கோ ஃபாரட் என்று கணக்கு. இரண்டையும் பிரெட்போர்டில் (பாகங்களைச் செருகிச் சுற்று அமைக்கும் துளைப் பலகை) தொடராகச் செருகி, 5 வோல்ட் கொடுத்து, கெப்பாசிட்டரின் குறுக்கே, மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் வரைந்துகாட்டும் ஆசிலாஸ்கோப்பை வைக்க வேண்டும்.

மின்னழுத்தம் சட்டென்று 5-க்குத் தாவாது. விறுவிறுவென்று ஏறத் தொடங்கி, போகப்போக வேகம் குறைந்து, 5-ஐ நெருங்கும்போது நகர்கிறதா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாகிவிடும். காரணம் எளிது. கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்ப, ரெசிஸ்டரின் குறுக்கே மிஞ்சும் மின்னழுத்தம் குறைகிறது. அது குறைந்தால் ஓம் விதிப்படி மின்னோட்டம் குறைகிறது. மின்னோட்டம் குறைந்தால் நிரம்பும் வேகமும் குறைகிறது. அதாவது எந்த நொடியிலும் நிரம்பும் வேகம், இன்னும் எவ்வளவு நிரம்ப வேண்டும் என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் இதன் வழியாகத்தான் வருகிறது.

ரெசிஸ்டர் மதிப்பையும் கெப்பாசிட்டர் மதிப்பையும் பெருக்கினால் நேரம் கிடைக்கும்: 1 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட், விடை 1 மில்லி விநாடி. இதற்கு டைம் கான்ஸ்டன்ட் என்று பெயர். அவ்வளவு நேரத்தில் இலக்கில் 63 சதவீதம் எட்டிவிடும், நம் சுற்றில் 3.16 வோல்ட். ஐந்து மில்லி விநாடியில் 99 சதவீதம் தாண்டிவிடும். ஸ்விட்சை ஒருமுறை தட்டினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் லேபில் ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து சதுர அலை கொடுக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸில் வைத்தால் ஏற 10 மில்லி விநாடி, இறங்க 10 மில்லி விநாடி. திரையில் உருவம் அசையாமல் நிற்கும்.

இரண்டாம் செமஸ்டர் சர்க்யூட் அனாலிசிஸ் தாளில் இதை 'டிரான்சியன்ட்' என்ற யூனிட்டில் படிப்பார்கள். நிறையப் பேருக்கு இந்தச் சுற்றோடு உறவு அங்கேயே முடிந்துவிடுகிறது. முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் சரி.

கணக்கு எதற்காக நுழைகிறது

'வேகம், மீதியைப் பொறுத்தது' என்பதைக் கணித மொழியில் எழுதினால் அது வகைக்கெழுச் சமன்பாடு. ஒரு கெப்பாசிட்டருக்கு முதல் வரிசைச் சமன்பாடு. கூட ஒரு காயில் (கம்பிச்சுருள்) சேர்த்தால் இரண்டாம் வரிசை. பத்துப் பாகம் சேர்த்தால்? ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து சமன்பாடு தீர்த்துக்கொண்டிருந்தால் ரேடியோ செய்ய முடியாது.

இதற்குக் குறுக்குவழி போட்டவர் இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைட். பதினாறு வயதில் பள்ளியை விட்டவர், தந்தி வேலை பார்த்தவர். வகையிடலையே ஒரு எழுத்தாக வைத்துக்கொண்டு, வகைக்கெழுச் சமன்பாட்டைச் சாதாரண அல்ஜீப்ரா போலக் கையாண்டார். கணிதக்காரர்கள் முகம் சுளித்தார்கள். விடை என்னவோ சரியாக வந்தது. அந்த முறைக்குப் பின்னாளில் லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் மூலம் முறையான அடித்தளம் கிடைத்தது. இன்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் லாப்லாஸ் அட்டவணையின் பூர்வீகத்தில் பாதி தந்திக் கம்பிதான்.

அடுத்த படி ஃபூரியே. எந்த அலையையும் பல சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பதை 1822-ல் வெப்பம் பற்றிய நூலில் முன்வைத்தார். அப்படியானால் நம் சுற்று ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால் போதும், எந்த அலைக்கும் விடை சொல்லிவிடலாம். போட்டுப் பார்ப்போம்:

50 ஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்தால் சுமார் 95 சதவீதம் வெளியே வரும். 159 ஹெர்ட்ஸில் 71 சதவீதம், கூடவே அலை 45 டிகிரி பின்தங்கும். 1,590 ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மெதுவாக மாறுவதை விடுகிறது, வேகமாக மாறுவதைத் தடுக்கிறது. ஆக, மெதுவாக நிரம்புகிற அதே சுற்றுக்கு லோ பாஸ் ஃபில்டர் என்று இன்னொரு பெயர். அந்த 159 எங்கிருந்து வந்தது? டைம் கான்ஸ்டன்டின் தலைகீழை இரண்டு பையால் வகுத்தால் கிடைப்பது.

நேரத்தில் பார்த்தாலும் அதிர்வெண்ணில் பார்த்தாலும் சங்கதி ஒன்றே என்று நிறுவுகிற தாள்தான் மூன்றாம் செமஸ்டரின் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். சீனியர்கள் பயமுறுத்தும் தாள். அதில் வரும் கன்வல்யூஷன் இன்டக்ரல் பார்க்கப் பூதாகரமாக இருந்தாலும் சொல்லவருவது இதுதான்: இப்போதைய அவுட்புட் என்பது கடந்த கால இன்புட்டுகள் எல்லாவற்றின் எச்சமும் சேர்ந்தது, பழையதாக ஆக எச்சம் தேய்ந்துபோகும். நம் கெப்பாசிட்டர் ஒரு மில்லி விநாடிக்கு முன் நடந்ததை 37 சதவீதம் நினைவில் வைத்திருக்கிறது, ஐந்து மில்லி விநாடிக்கு முன் நடந்ததை ஏறக்குறைய மறந்துவிட்டது. நான்கு வருடத்தின் அச்சாணி எந்தத் தாள் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

அதே ஆள், வேறு சட்டை

மூன்றாம் செமஸ்டரிலிருந்து இந்தச் சுற்று வருகிற இடங்கள்:

1. எலக்ட்ரானிக் சர்க்யூட்ஸ். ஆம்பிளிஃபயரின் ஒரு நிலையை அடுத்ததோடு இணைக்கும் கெப்பாசிட்டர், பவர் சப்ளையில் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கும் கெப்பாசிட்டர். இரண்டிலும் கணக்கு டைம் கான்ஸ்டன்ட்தான்.

2. கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ். ஏ.எம். ரேடியோவில் பேச்சைப் பிரித்தெடுக்கும் பாகம் ஒரு டயோடு, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். சென்னை 'ஏ' வானொலியின் 720 கிலோ ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அந்த அலையின் ஒரு சுற்றுக்கு சுமார் 1.4 மைக்ரோ விநாடி. அதன்மேல் ஏறிவரும் பேச்சின் வேகமான பகுதி 5 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் அதற்கு 200 மைக்ரோ விநாடி. டைம் கான்ஸ்டன்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும்: ரேடியோ அலையின் துடிப்பை மறக்கும் அளவுக்கு மந்தமாக, பேச்சின் வடிவத்தைத் தொடரும் அளவுக்குச் சுறுசுறுப்பாக. நம்முடைய 1 மில்லி விநாடி இங்கே உதவாது. பேச்சு இறங்கும்போது கெப்பாசிட்டர் இறங்காமல் மேலேயே நின்று ஒலியை வெட்டிவிடும். தேர்வில் 'டயகனல் கிளிப்பிங்' என்று கேட்பது இதைத்தான். கெப்பாசிட்டரை 0.022 மைக்ரோ ஃபாரடாக மாற்றினால் 22 மைக்ரோ விநாடி, சரியாக இருக்கும்.

3. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ். இங்கே இதே சுற்றை 'மைனஸ் 1000-ல் ஒரு போல்' என்பார்கள். டைம் கான்ஸ்டன்டின் தலைகீழ், அவ்வளவுதான். மைனஸ் என்றால் தானாக அடங்கிவிடும் என்று பொருள். ஒன்றை மட்டும் வைத்து ஃபீட்பேக் (அவுட்புட்டை இன்புட்டுக்கே திருப்பி அனுப்புவது) கொடுத்தால் அலைபாயாது. மூன்றைக் கோத்து, 29 மடங்குக்கு மேல் பெருக்கி அலையைத் தலைகீழாக்குகிற இன்வர்ட்டிங் ஆம்பிளிஃபயரோடு வளையமாக இணைத்தால் தானே ஆடத் தொடங்கும். கண்ட்ரோல் தாளில் இது நிலைகுலைவு, வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆபத்து. பக்கத்து அறையில் அனலாக் லேபில் இதையே வேண்டுமென்றே செய்து 'ஆர்.சி. ஃபேஸ் ஷிஃப்ட் ஆசிலேட்டர்' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்வார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லித்தரப்படுகிற வகுப்பில் உட்கார்ந்தவர் அதிர்ஷ்டசாலி.

4. ரேண்டம் ப்ராசஸ். ரெசிஸ்டருக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கின்றன. அந்த இரைச்சலை 1928-ல் ஜான்சன் அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார். கெப்பாசிட்டரின் குறுக்கே அந்த இரைச்சல் எவ்வளவு என்று கணக்கிட்டால் ரெசிஸ்டர் மதிப்பு விடையிலிருந்து மறைந்துபோகும்! கெப்பாசிட்டரும் வெப்பநிலையும் மட்டும் மிஞ்சும். 1 பிக்கோ ஃபாரடுக்கு அறை வெப்பநிலையில் சுமார் 64 மைக்ரோ வோல்ட். சிப்புக்குள் கெப்பாசிட்டரை இஷ்டத்துக்குச் சின்னதாக்க முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம். 'ரேண்டம்' தாள் எதற்கு என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

5. டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங். இங்கே ரெசிஸ்டரும் இல்லை, கெப்பாசிட்டரும் இல்லை; ஒரு வரி புரோகிராம் மட்டும். 0.1 மில்லி விநாடிக்கு ஒருமுறை இன்புட்டை அளக்கிறோம். பழைய அவுட்புட்டைப் பத்தால் பெருக்கி, புதிய அளவீட்டைக் கூட்டி, 11-ஆல் வகுக்கிறோம். அதுதான் புதிய அவுட்புட். இன்புட்டை 0-லிருந்து 5-க்கு மாற்றி, பத்து முறை, அதாவது 1 மில்லி விநாடிக்கு இதை ஓட்டினால் 3.07 வரும். பிரெட்போர்டில் வந்தது 3.16. இன்னும் அடிக்கடி அளந்தால் இடைவெளி சுருங்கும். சென்சார் மதிப்பு தாறுமாறாகத் துள்ளும்போது எம்பெடட் ஆட்கள் (கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதுபவர்கள்) போடுகிற 'ஸ்மூத்திங்' கோடு இதேதான். கெப்பாசிட்டரைச் சாஃப்ட்வேரில் எழுதியிருக்கிறோம் என்று தெரியாமலே பலர் காப்பி செய்கிறார்கள்.

சிப்புக்குள் போனால்: வேகம் ஏன் நின்றது

சிமாஸ் இன்வர்ட்டர் என்பது 0 கொடுத்தால் 1, 1 கொடுத்தால் 0 தரும் சின்னஞ்சிறு லாஜிக் கேட். அதன் டிரான்சிஸ்டர் ஓரளவுக்கு ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். அடுத்த கேட்டின் நுழைவாயில் ஒரு கெப்பாசிட்டர். ஆக, ஒரு கேட் அடுத்ததை 1 ஆக்குவது என்பது நாம் பிரெட்போர்டில் பார்த்த அதே நிரம்பல். 10 கிலோ ஓம், 1 ஃபெம்டோ ஃபாரட் என்று வைத்தால் டைம் கான்ஸ்டன்ட் 10 பிக்கோ விநாடி. பாதி மின்னழுத்தத்தை எட்ட அதில் 0.69 மடங்கு, சுமார் 7 பிக்கோ விநாடி. இதுதான் கேட்டின் தாமதம்.

சிப்பின் வேலைகளுக்குத் தாளம் போடும் கிளாக்கின் இரண்டு துடிப்புக்கு நடுவே இருபது முப்பது கேட்கள் வரிசையாக இருந்தால் தாமதங்கள் கூடும். அந்தக் கூட்டுத்தொகை தான் கிளாக்கின் உச்ச வேகத்தை முடிவு செய்கிறது. கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரில் 'பைப்லைன்' என்று படிப்பது, அந்த நீண்ட வரிசையைத் துண்டு துண்டாக வெட்டி கிளாக்கை வேகமாக்கும் தந்திரம்.

அப்புறம், மின்சக்தி. ஒரு கெப்பாசிட்டரை நிரப்ப பேட்டரி கொடுக்கும் ஆற்றலில் சரிபாதிதான் கெப்பாசிட்டருக்குள் போகும். மறுபாதி ரெசிஸ்டரில் வெப்பமாகிவிடும். நம் சுற்றில் 25 மைக்ரோ ஜூல் கொடுத்தால் 12.5 வீண். ரெசிஸ்டரைக் குறைத்தால் இழப்பு குறையுமா? குறையாது, வேகமாக நிரம்பும், இழப்பு அதே பாதி. சிப்பில் ஒவ்வொரு முறை 0, 1 மாறும்போதும் இது நடக்கிறது. கிளாக்கை இரட்டிப்பாக்கினால் வெப்பமும் இரட்டிப்பு. வேகத்துக்காக மின்னழுத்தத்தை ஏற்றினால் அதன் வர்க்கத்தில் எகிறும்.

வெகுகாலம் டிரான்சிஸ்டர் சிறுத்ததோடு மின்னழுத்தமும் குறைந்துகொண்டே வந்ததால் இது சமாளிக்கப்பட்டது. 2000-களின் நடுவில் மின்னழுத்தத்தை அதே கதியில் குறைக்க முடியாமல் போனது. இன்டெல் 4 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ வெளியிடும் திட்டத்தை 2004 அக்டோபரில் கைவிட்டது. அடுத்த வருடம் ஒரே சிப்பில் இரண்டு கோர் (புரோகிராமை ஓட்டும் பகுதி) வைத்து வந்தது. அன்றிலிருந்து ஒரு புரோகிராம் வேகமாக ஓட வேண்டுமானால் அதைப் பிரித்துப் பல கோர்களில் ஓட்ட வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் தாளில் 'த்ரெட்', 'செமஃபோர்', 'டெட்லாக்' என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் சி.எஸ்.இ. மாணவர், அந்தத் தலைவலியின் வேர் ஒரு கெப்பாசிட்டர் நிரம்பும்போது எழும் வெப்பத்தில் இருக்கிறது என்று அறிந்தால், முதல் வருடம் படித்த மின்சுற்றை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டார்.

இந்தச் சுற்று பொய்யாகும் இடம்

இதுவரை கம்பிக்கு நீளமே இல்லை என்று வைத்துக்கொண்டோம். 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே கடலடியில் முதல் அட்லாண்டிக் தந்திக் கேபிள் வேலை செய்யத் தொடங்கியது. விக்டோரியா மகாராணியின் 98 சொல் செய்தி போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்தது. கேபிளின் நீளம் முழுக்க ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் பரவிக் கிடந்ததுதான் காரணம். அப்படிப்பட்ட கேபிளில் தாமதம் நீளத்தின் வர்க்கத்தில் வளரும் என்று வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், ஏற்கெனவே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். தலைமை மின்பொறியாளராக இருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ் அதை ஏற்கவில்லை; சுமார் 2,000 வோல்ட் வரை ஏற்றிப் பார்த்தார். சில வாரங்களில் கேபிள் செத்தது.

நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்கு என்ற அந்தக் கடலடி விதி இன்று சிப்புக்குள் மில்லிமீட்டர் நீளக் கம்பிகளிலும் அப்படியே வேலை செய்கிறது. அதனால் நீண்ட கம்பியை இடையிடையே வெட்டி 'ரிப்பீட்டர்' வைக்கிறார்கள். இது வி.எல்.எஸ்.ஐ., அதாவது சிப் வடிவமைப்புத் தாள்.

வேகம் இன்னும் கூடினால் கெல்வின் கணக்கும் போதாது. சர்க்யூட் போர்டில் சிக்னல் ஒரு நேனோ விநாடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான் ஓடும். ஒரு நேனோ விநாடியில் 0-லிருந்து 1-க்கு ஏறும் சிக்னலுக்கு அந்த நீளக் கம்பி ஒரு பாதை; அதன் முனையில் மோதித் திரும்பி வரும் அலைகளும் உண்டு. இதைக் கையாளும் சமன்பாடுகளை எழுதியதும் ஹெவிசைட்தான். நான்காம் செமஸ்டர் மின்காந்தப் புலங்களும் ஐந்தாம் செமஸ்டர் டிரான்ஸ்மிஷன் லைன்ஸும் இங்கே வந்து உட்காருகின்றன.

கிளைகள் எங்கே பிரிகின்றன

இ.இ.இ.: இதே கதையைக் காயிலை வைத்துச் சொல்கிறது. மோட்டார் சுருளில் மின்னோட்டம் உடனே ஏறாது. அங்கே டைம் கான்ஸ்டன்ட் என்பது இண்டக்டன்ஸை ரெசிஸ்டன்ஸால் வகுத்தது. எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் இரண்டு தாள், மின் கடத்தல், பவர் எலக்ட்ரானிக்ஸ், பாதுகாப்பு ஸ்விட்ச்கியர் என்று பெரிய ஆற்றல்களின் பக்கம் போகிறது. 'ஹை வோல்டேஜ்' என்ற சுருக்கம் அரைகுறை: பேட்டரி ஸ்கூட்டரின் மோட்டாரை ஓட்டும் இன்வர்ட்டரும் (டி.சி.யை ஏ.சி.யாக்கும் கருவி) இ.இ.இ.தான், அதில் வோல்டேஜ் ஒன்றும் பெரிதில்லை. ஆற்றலைக் கையாள்வது இ.இ.இ., தகவலைக் கையாள்வது இ.சி.இ. என்று பிரித்தால் ஓரளவு நிற்கும்.

சி.எஸ்.இ.: 2017 ரெகுலேஷனில் டிஜிட்டலுக்கு ஒரு தாள், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சருக்கு ஒரு தாள். 2021-ல் இரண்டும் ஒரே தாளாகச் சுருங்கின. ஆப் எழுதப் போகிறவருக்கு இது பெரிய இழப்பில்லை என்று வாதிடலாம். எம்பெடட், சிப் வெரிஃபிகேஷன் பக்கம் போக நினைப்பவர் மீதியைத் தாமாகத்தான் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

புதுப் பெயர்கள்: தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2023-ல் வி.எல்.எஸ்.ஐ. டிசைனுக்கென்றே தனி எலக்ட்ரானிக்ஸ் பட்டப்படிப்புக்கு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. பெயரைப் பார்த்து மயங்குவதற்கு முன் அதன் முதல் நான்கு செமஸ்டரை இ.சி.இ.யோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இதனால் மாணவருக்கு என்ன ஆகிறது

1. அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். இரண்டாம் செமஸ்டர் சர்க்யூட்டில் தவறியவர் மூன்றாம் செமஸ்டர் வகுப்பில் உட்காருவதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் அங்கே ஒரே நேரத்தில் டிவைசஸ், சிக்னல்ஸ், கண்ட்ரோல் மூன்றும் அந்தத் தாளின் மேல் கட்டப்பட்டு நிற்கின்றன. அரியர்கள் கொத்தாக விழுவது இப்படித்தான். மீண்டும் எழுதுகிறவர் மூன்றாம் செமஸ்டர் தாளைக் கட்டிக்கொண்டு மல்லுக்கட்டுவார். ஓட்டை இருப்பது அதற்கு முந்தைய தாளில்.

2. சிக்னல்ஸும் கண்ட்ரோலும் ஒரே செமஸ்டரில் வருவது எனக்கு ஒப்பவில்லை. கண்ட்ரோல் முதல் வாரத்திலேயே டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை (இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் உள்ள உறவை லாப்லாஸில் எழுதுவது) கேட்கிறது. சிக்னல்ஸ் லாப்லாஸுக்கு வந்துசேர நாளாகிறது. இரண்டாம் செமஸ்டர் விடுமுறையில் லாப்லாஸை மட்டும் முன்கூட்டிப் பார்த்துவிட்டால் பாதிச் சிரமம் போய்விடும்.

3. தாள் தனித்தனியாக இருப்பதால் கேள்வியும் தனித்தனி. 'டைம் கான்ஸ்டன்ட் வரையறு' என்ற 2 மார்க்கை மனப்பாடத்தில் தாண்டிவிடலாம். மேற்படிப்புக்கும் சில வேலைகளுக்கும் எழுதும் கேட் (GATE) தேர்வு அப்படியில்லை: மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க், நெட்வொர்க்ஸ், சிக்னல்ஸ், டிவைஸ், அனலாக், டிஜிட்டல், கண்ட்ரோல், கம்யூனிகேஷன், மின்காந்தம் எல்லாம் ஒரே தாளில். கோர் கம்பெனி (எலக்ட்ரானிக்ஸ் துறைக் கம்பெனி) நேர்முகத் தேர்விலும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் வரைந்து, சதுர அலை கொடுத்தால் வெளியே என்ன வரும் என்பதில்தான் பலமுறை தொடங்குகிறார்கள்.

4. வேறு மாதிரியும் சொல்லித்தரலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அனந்த் அகர்வால், எம்.ஐ.டி.யில் நடத்திய 'சர்க்யூட்ஸ் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்' பாடம் 2012-ல் இணையத்தில் இலவசமாக வந்தபோது சுமார் ஒன்றரை லட்சம் பேர் பதிவு செய்தார்கள். ஆர்.சி. சுற்றின் நிரம்பலை லாஜிக் கேட்டின் தாமதத்தோடு சேர்த்தே அதில் கற்றுத்தருகிறார். நம் ஊரில் அந்த இரண்டுக்கும் நடுவே மூன்று செமஸ்டர் தூரம்.

5. லேபுக்கு அரை கிரெடிட்தான் என்று அலட்சியப்படுத்த வேண்டாம். அதே சுற்றில் 1 கிலோ ஓமை எடுத்துவிட்டு 1 மெகா ஓம் போட்டுப் பாருங்கள். டைம் கான்ஸ்டன்ட் 1 விநாடி என்று கணக்கு சொல்லும், 5 வோல்ட் வர வேண்டும். திரையில் அரை விநாடி டைம் கான்ஸ்டன்டோடு ஏறி 2.5 வோல்டில் நின்றுவிடும். கெப்பாசிட்டர் கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள். புதிதிலும் அதே 2.5. ஆசிலாஸ்கோப்பின் இன்புட் தானே ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர். அது கெப்பாசிட்டருக்கு இணையாக உட்கார்ந்து பாதியை இழுத்துக்கொள்கிறது. புரோபில் இருக்கும் சின்ன ஸ்விட்சைப் பத்து மடங்குப் பக்கம் தள்ளி, ஆசிலாஸ்கோப்பிலும் அதையே தேர்ந்தெடுத்தால், 10 மெகா ஓம் ஆகி 4.5 வோல்டுக்கு மேல் காட்டும்.